பளீல் ஓயாவில் நட்ட பாசி

பளீலின் வாப்பா தன் ஊரான கலகெதரையில் பாக்கு வாங்கிக் கண்டியில் விற்றவர். மகனுக்கு அந்த வியாபாரம் கைகூடவில்லை. பேரம் பேசத் தெரியாது. ஒருவர் முகத்தைச் சுளித்தால் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வருவான். இருபத்து நாலு வயதில், அது 1926ஆம் வருடம், பேராதனை ரயில் நிலையத்தில் மாட்டு வண்டிக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனான். அங்கேதான் அவன் வாழ்க்கையில் பாசி வந்து சேர்ந்தது.

கற்பிட்டியிலிருந்து சாக்குச் சாக்காகக் கடற்பாசி வந்து இறங்கியது. காய்ந்து, உப்புப் பூத்து, மீன் வாடை அடித்துக்கொண்டிருந்தது. பேராதனையில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே நடந்த சிறிய ஆய்வுகூடத்துக்கு அதைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பும்போது உள்ளே கருகிய வாடை வந்தது. ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒருவர் அடுப்பின் முன்னால் நின்று ஒரு சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பொன்னுத்துரை என்று பெயர், துரையின் உதவியாளர். பளீல் வாசலில் நின்றபடியே சொன்னான்:

"ஐயா, அப்பிடிக் காச்சினா அடிபிடிக்கும். எங்கட ஊட்டுல நோம்பு காலத்துல காச்சுவாங்க. மொதல்ல ஒரு ராத்திரி நல்ல தண்ணில ஊறப் போடணும். பொறகு மெல்லிசு நெருப்பு."

"நீர் காய்ச்சுவீரோ?" என்று பொன்னுத்துரை கேட்டார்.

காய்ச்சினான். பால்கட்டி போல வெள்ளையாக உறைந்தது. மறுவாரம் பளீல் அந்த ஆய்வுகூடத்தின் கூலியாள் ஆனான்.

எட்டு வருடம் அங்கே இருந்தான். கடற்பாசியும் குளத்துப் பாசியும் மனிதனுக்கு எதற்கெல்லாம் உதவும் என்று பார்ப்பதுதான் பொன்னுத்துரையின் வேலை. கடற்பாசியைக் காய்ச்சி, பயிர்நோய்ப் பூஞ்சணத்தை அதன்மேல் வளர்க்கப் பார்த்தார். ஜப்பான் பாசியைப் போல அது இறுகி நிற்கவில்லை. எரித்துச் சாம்பலாக்கி மரக்கறிப் பாத்திக்குப் போட்டார். ஒரு பாத்தி செழித்தது, மற்றது பொசுங்கியது. வயல் தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசியை அள்ளிவந்து நெல்நாற்றுக்கு உரமாக்கிப் பார்த்தார். சாடி கழுவுவது, தொட்டி நிரப்புவது, கன்னொருவையிலிருந்து ஹாரிஸ்பத்துவ வரை குட்டை குட்டையாகப் போய் விதவிதமான பாசி அள்ளி வருவது எல்லாம் பளீலின் பாடு. இங்கிலீசு எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் தொட்டுப் பார்த்தே பாசியின் வகை சொல்வான். பட்டு மாதிரி வழுக்குவது ஒன்று, வலை மாதிரி விரிவது ஒன்று, தண்ணீருக்கடியில் சிறு சவுக்குமரம் மாதிரி கிளைவிட்டு நின்று, கசக்கினால் வெள்ளைப்பூண்டு வாடை வீசுவது ஒன்று. அந்தக் கடைசிப் பாசிக்கு இரண்டு பேரும் பூண்டுப்பாசி என்றே பெயர் வைத்தார்கள்.

1933 கடைசியில் பொன்னுத்துரை ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் எதையோ படித்துவிட்டு, பூண்டுப்பாசி கொஞ்சம் வேண்டுமென்றார். இரண்டு கண்ணாடிச் சாடி. இரண்டிலும் ஒரே குட்டைத் தண்ணீர், தலா முப்பது நுளம்புப் புழுக்கள், கொசுவாகப் போகிறவை. ஒன்றில் மட்டும் பூண்டுப்பாசி. மூன்றாம் நாள் காலையில் பளீல்தான் முதலில் பார்த்தான். பாசி இல்லாத சாடியில் புழுக்கள் கொழுத்துத் துள்ளின. பாசிச் சாடியின் அடியில் முப்பதும் சாம்பல் நூலாகக் கிடந்தன.

"ஐயா, ஒண்டு மிச்சமில்ல," என்றான்.

பொன்னுத்துரை நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். "பளீல், இது சாடி," என்றார். "ஆறு, ஓயா எல்லாம் சாடி இல்லை. சீமெந்துத் தொட்டியிலே ஒரு வருசம் பாக்க வேணும். அதுக்குப் பிறகுதான் வாய் திறக்கலாம். விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினான். ஆனால் அன்று வீட்டுக்குப் போன பஸ்ஸில் அவன் நெஞ்சு வேறு கணக்குப் போட்டது. வருடாவருடம் மலேரியாக் காய்ச்சலில் சுருண்டு எழும்பும் ஊர் அவனுடையது. வாப்பா அதில்தான் போனார். இத்தனை வருடம் சாடி கழுவியதற்கு ஓர் அர்த்தம் கிடைத்துவிட்டது போலிருந்தது. மனைவி ஹபீலாவிடம் சொன்னான். ஆறு வயது மகள் ஸக்கியாவிடமும் சொன்னான். சித்தி றலியா என்ற பெயருடைய தன் தங்கச்சியின் வீட்டுக்குப் போய், அவள் புருசன் சாஹுல் ஹமீதிடமும் சொன்னான். சாஹுல் ஹமீது பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவர் சிரித்துக்கொண்டே, "பாசியால நுளம்பு சாகுமெண்டா, எங்கட ஓயாவுல ஏன் இவ்வளவு நுளம்பு?" என்று கேட்டார்.

"அது வேற பாசி, மச்சான்," என்றான் பளீல்.

1934இல் வானம் பொய்த்தது. வைகாசியில் வரவேண்டிய மழை வரவில்லை. ஆனியும் ஆடியும் வெறும் காற்றோடு போயின. ஊருக்குக் கீழே ஓடும் ஓயா முதலில் மெலிந்தது, பிறகு நின்றது. பாறைகளுக்கிடையில் தெளிந்த தண்ணீர்க் குட்டைகள் மட்டும் மிஞ்சின. பளீல் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனாமல் அகப்பையோடு இறங்கிப் பார்த்தான். ஒவ்வொரு அள்ளலிலும் ஏழெட்டுப் புழுக்கள், தண்ணீர்மட்டத்தோடு தட்டையாகப் படுத்துக் கிடந்தன. அது காய்ச்சல் பரப்பும் நுளம்பின் படுக்கை என்று பேராதனையில் எட்டு வருடம் இருந்தவனுக்குத் தெரியும். சித்தி றலியாவின் வீடு கடைசிக் குட்டைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவளுக்கு அப்போது இரண்டு மாதம்.

அடுத்த திங்கட்கிழமை, ஆய்வுகூடத்தில் யாரிடமும் கேட்காமல், தொட்டியிலிருந்து பூண்டுப்பாசியை மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் அள்ளி, ஈரச் சாக்கால் மூடி, பஸ்ஸில் ஏற்றினான். அப்படி ஒன்பது தடவை கொண்டுபோனான். மூன்று குட்டைகளின் அடிச்சேற்றில் கொத்துக் கொத்தாக நட்டான். ஆவணிக்குள் பாசி வேர்விட்டு அடர்ந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் பத்து அகப்பை அள்ளி, புழுக்களை எண்ணி, ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதிவைத்தான். எண்களை மட்டும் அவனுக்கு எழுதத் தெரியும். முதல் வாரம் அறுபது. பிறகு முப்பது. பிறகு நாலு. பிறகு சுழி. அந்தச் சுழியைப் போட்ட அன்று அவன் சோறு சாப்பிட மறந்துபோனான்.

ஊர் முதலில் கேலி செய்தது. சுழிக்குப் பிறகு கேலி அடங்கியது. பெண்கள் அந்தக் குட்டைகளில் துவைப்பதை நிறுத்தினார்கள். சாஹுல் ஹமீதே ஜும்ஆவுக்குப் பிறகு, "ஆடு மாட்ட அங்க எறக்க வேணாம், பளீல் மருந்து நட்டீக்கிறார்," என்று அறிவித்தார். மருந்து என்ற சொல்லைக் கேட்டபோது பளீலுக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இது இன்னும் ருசுவாகவில்லை என்று ஒருவரிடமும் அவன் சொல்லவில்லை.

ஐப்பசியில் கறுப்பையா வந்தார். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, சுகாதாரப் பகுதியில் நாட்கூலிக்கு எண்ணெய் தெளிப்பவர். முதுகில் பம்பு, கையில் தகரம். குட்டைக்குக் குட்டை எண்ணெய் விட்டுக்கொண்டே ஓயாவழியே ஏறி வந்தவர், பாசி நட்ட இடத்துக்கு வந்து பம்பை இறக்கினார். பளீல் ஓடிவந்தான்.

"இங்க ஊத்தாதீங்க. எண்ண பட்டா இந்தப் பாசி செத்துப்போகும்."

"பாசி செத்தா என்னாங்க? கொசுவும்தான சேந்து சாவும்," என்றார் கறுப்பையா.

"நான் பேராதனையில வேல செய்ற ஆள். இது நுளம்புக்குத்தான் நட்டது. பாருங்க, ஒரு புழு ஈக்கா?"

அகப்பையில் அள்ளிக் காட்டினான். ஒன்றுமில்லை. கறுப்பையா தலையைச் சொறிந்தார். "எனக்கு மேல ஓவர்சியர் இருக்காருங்க. ஊத்தலைன்னா கேப்பாரு."

அந்தப் பக்கமாக வந்த சாஹுல் ஹமீது நின்றார். "நான் இந்த ஊர் மரைக்கார். ஊத்த வேணாமெண்டு நாந்தான் சென்னதெண்டு சொல்லுங்க," என்றார். கறுப்பையா மறுபேச்சில்லாமல் பம்பைத் தூக்கிக்கொண்டு, மூன்று குட்டைகளையும் விட்டுவிட்டு மேலே போனார்.

கார்த்திகை தொடக்கத்தில் இரண்டு மூன்று தூறல் விழுந்தது. ஓயா ஓடும் அளவுக்கு இல்லை. குட்டைகளின் ஓரத்தை நனைத்து, காட்டு இலைச்சருகுகளை உள்ளே தள்ளும் அளவுக்கு மட்டும். அதற்கடுத்த ஞாயிறு பளீல் அகப்பையோடு இறங்கினான். முதல் அள்ளலில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பாசியின் நடுவிலிருந்து அள்ளினான். பதினொரு புழுக்கள். பாசிக் கிளைகளுக்கிடையில், மீன் கூட நுழைய முடியாத நிழலில், கொழுத்துப் போய்க் கிடந்தன.

அவன் அந்தத் தண்ணீரைப் பாறையில் கொட்டினான். கையைக் கழுவினான். இது கரையிலிருந்து அடித்து வந்ததாக இருக்கும், நாளைக்குள் செத்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இன்னுமொரு அள்ளல் அள்ளிப் பார்க்கவில்லை. காகிதத்தில் அந்தத் தேதிக்கு நேரே எதுவும் எழுதவுமில்லை. மேலே ஏறி வரும்போது சித்தி றலியா வேலிக்கு அப்பால் நின்று அண்ணனிடம், "நானா, பாசி நல்லா ஈக்கா?" என்று கேட்டாள். ஆறு மாத வயிறு.

"நல்லா ஈக்கி," என்றான்.

கார்த்திகை முடிவதற்குள் குருநாகல் பக்கமிருந்து காய்ச்சல் மலையேறி வந்தது. முதலில் செய்தியாக வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள், அங்கே வீட்டுக்கு வீடு விழுந்து கிடக்கிறார்கள், அடுப்பு மூட்ட ஆளில்லை என்றார்கள். பிறகு ஆளாகவே வந்தது. நோன்பு பிறந்த கிழமையில் கலகெதரையில் ஒரே நாளில் ஐந்து மையித்து அடக்கம் நடந்தது. குளிரில் பல் அடிக்கும். பாய் மேல் பாய் போட்டாலும் நிற்காது. பிறகு உடம்பு தணலாகும். பிறகு வியர்த்து ஊற்றி, ஆள் துணியாகக் கிடப்பார். பஸ் சாரதி படுத்தான், பஸ் நின்றது. கொயினா கொடுக்கும் மருந்துச்சாலையின் முன்னால் வரிசை றோட்டு வரை நீண்டது, வரிசையிலேயே ஆட்கள் சரிந்தார்கள்.

ஸக்கியா நான்காம் நோன்பில் விழுந்தாள். ஐந்தாம் நோன்பில் சித்தி றலியா.

பளீல் அன்று பகல் ஓயாவுக்கு இறங்கினான். அகப்பையை விட்டான். இருபது. மறுபடி விட்டான். எண்ண முடியவில்லை. மூன்று குட்டையிலும் அப்படித்தான். கொஞ்சம் கீழே, கறுப்பையா எண்ணெய் விட்டுப்போன குட்டையில் அள்ளினான்; வெறும் தண்ணீரும் எண்ணெய்ப் படலத்தின் மயில்நிறமும் மட்டுமே வந்தன.

அவன் குட்டைக்குள் இறங்கி, தான் நட்ட பாசியை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தான். நோன்பு வாய் வறண்டு நாக்கு ஒட்டியது. பாசி முறிய முறிய அந்தப் பூண்டு வாடை எழும்பி மூக்கிலடித்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பிடுங்கினான், விழுந்து எழும்பிப் பிடுங்கினான். பிடுங்கப் பிடுங்கத் தண்ணீர் கலங்கியதே தவிர, புழுக்கள் குறையவில்லை. ஹபீலா வந்து கரையில் நின்று, "எழும்பி வாங்க. புள்ள ஒங்களத் தேடுற," என்று சொல்லும்வரை அவனுக்கு வேறு நினைவில்லை.

ஏழாம் நோன்பு விடிந்ததும் நடந்து புறப்பட்டான். கட்டுகஸ்தோட்டை வரை நடை. அங்கிருந்து ஒரு லொறிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஆய்வுகூடத்தில் பொன்னுத்துரை தனியாக இருந்தார். பளீலின் கோலத்தைப் பார்த்ததும் கதிரையை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கேட்காமல் பாசி எடுத்தது, நட்டது, எண்ணெய்க்காரரைத் திருப்பி அனுப்பியது. பதினொன்றையும் சொன்னான்.

பொன்னுத்துரை கண்ணாடியைக் கழற்றினார்.

"பளீல், தொட்டியிலே புரட்டாதியிலேயே புழு பிழைக்கத் தொடங்கிட்டுது," என்றார். "இலை, குப்பை விழுந்து தண்ணி மாறினா இந்தப் பாசி ஒண்டும் செய்யாது. புழுவுக்கு ஒளிக்க இடந்தான் குடுக்குது. இதை நம்பேலாது எண்டு கொழும்புக்குப் போயிருந்த துரைக்கு நான் அப்பவே எழுதிட்டன்."

"எப்ப எழுதின நீங்க?"

"புரட்டாதி நடுவிலே. நீர்தான் அந்தக் கடிதத்தைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனீர்."

பளீலுக்கு நினைவு வந்தது. நீளமான பழுப்பு உறை. மழை வருமோ என்று சட்டைக்குள் வைத்து, கசங்காமல் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தான்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லல்ல?"

"உமக்குச் சொல்ல வேணும் எண்டு எனக்குத் தோன்றேல்லை," என்றார். "நீர் தொட்டி கழுவுற ஆள் எண்டு நினைச்சிட்டன்."

பிறகு பொன்னுத்துரை எழும்பி அலுமாரியிலிருந்து கொயினாப் போத்தல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இன்னொன்றுக்காகக் கண்டியில் தெரிந்த டாக்டர் ஒருவரின் வீட்டுக்குப் போய் வாசலில் காத்திருந்து வாங்கி வந்தார். இரண்டு தகரம் எண்ணெய்க்கும் ஒரு வாடகைக் காருக்கும் ஏற்பாடு செய்தார். "நானும் வாறன்," என்றார்.

மறுநாள் அவர்கள் கலகெதரைக்கு வந்து சேர்ந்தபோது ஸக்கியாவுக்கு நடுக்கம் விட்டிருந்த நேரம். அவளுக்கு முதல் வேளை கொடுத்துவிட்டு பளீல் தங்கச்சி வீட்டுக்கு ஓடினான். அங்கே மருத்துவிச்சி வாசலில் இருந்தாள். எட்டு மாதம் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறந்து, அழாமலே போயிருந்தது. சித்தி றலியாவுக்கு அறிவு வந்து வந்து போனது. கொயினாவைக் கரைத்து ஊற்றினார்கள். பாதி வெளியே வழிந்தது. சாஹுல் ஹமீது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நனைந்த துணியால் அவள் நெற்றியை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொன்னுத்துரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குட்டையில் இறங்கினார். அதுவரை அவர் தொட்டிக்கு வெளியே எந்தத் தண்ணீரிலும் கால் வைத்ததைப் பளீல் பார்த்ததில்லை. இரண்டு பேருமாக மிச்சமிருந்த பாசியை வாரி வெளியே போட்டு, மூன்று குட்டைக்கும் எண்ணெய் விட்டார்கள். வேலை முடிந்து, கையெல்லாம் எண்ணெயோடு மேலே ஏறி வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை கேட்டது.

சித்தி றலியாவையும் பிள்ளையையும் ஒன்றாக அடக்கினார்கள். கபுறு தோண்ட ஊரில் தெம்புள்ள ஆட்கள் நாலு பேர்கூட இல்லை. பளீல் தோண்டினான். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு சாஹுல் ஹமீதிடம் போனான். அவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். ஊரில் எல்லாரும் அதை அல்லாஹ்வின் நாட்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஊரிலும் காய்ச்சல். பாசி நடாத ஊரிலும் சாவு. யாரும் பளீலைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அப்படியே போய்விடும். அது அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. வாசல் வரை வந்து இரண்டு தடவை திரும்பினான். மூன்றாம் தடவைதான் உள்ளே போனான்.

"மச்சான், ஒண்டு சொல்லணும். அந்தக் கொளத்துல புழு ஈக்கிற எண்டு எனக்கு மொதல்லயே தெரியும்."

சாஹுல் ஹமீது நிமிர்ந்தார்.

"நோம்புக்கு மூணு கெழமைக்கு முந்தி. பதினொண்டு. நான் கண்ட. ஒருத்தருக்கும் சொல்லல்ல. அண்டைக்கு எண்ண ஊத்தீந்தா..."

"அண்டைக்கு றலியா ஒனக்கிட்டக் கேட்டாளே," என்றார் சாஹுல் ஹமீது மெதுவாக. "வேலிக்கிட்ட. நான் உள்ளுக்கு இருந்த. நல்லா ஈக்கி எண்டு சென்ன."

"சென்ன."

அவர் எழும்பினார். அடிப்பார் என்று பளீல் எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான். அவர் அடிக்கவில்லை. "எண்ணெக்காரனத் திருப்பினது என்ட வாய்," என்றார். "ஆனா நான் தெரியாம சென்ன. நீ தெரிஞ்சு சும்மா ஈந்த." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வருடம் பெருநாளுக்கு ஊரில் புதுத்துணி உடுத்தியவர்கள் குறைவு. பளீல் பள்ளிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, யாரையும் கட்டித் தழுவாமல் திரும்பினான். ஸக்கியா பிழைத்தாள். ஆனால் மண்ணீரல் வீங்கி, வயிறு முன்தள்ளி, இரண்டெட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். ஹபீலா அவளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்தாள். பளீலோடு அவள் சண்டை பிடிக்கவில்லை. ஒரு நாள் மட்டும், சோறு போட்டுக்கொண்டே, "பாசியால ஏலாதெண்டு சென்னா ஊரு ஒங்கள என்ன செஞ்சீக்கும்?" என்று கேட்டாள். ஒன்றும் செய்திருக்காது. சிரித்திருக்கும், அவ்வளவுதான்.

மாசியில் வேலைக்குத் திரும்பினான். பொன்னுத்துரை நுளம்பும் பாசியும் பற்றிய கடைசி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். பளீல் மடித்து வைத்திருந்த காகிதத்தை அவர் மேசையில் விரித்து வைத்தான். தேதிகளும் எண்களும். வெறுமையாக விட்டிருந்த இடத்தில் இப்போது பதினொன்று என்று போட்டிருந்தான். அதற்குக் கீழே இருபது. அதற்குக் கீழே ஒரு கோடு. எண்ண முடியாததற்கு அவனுக்குத் தெரிந்த அடையாளம் அதுதான்.

"இதையும் எழுதுங்க ஐயா. கலகெதரையில நட்டது, எண்ண ஊத்த உடாதது, எல்லாத்தையும்."

பொன்னுத்துரை காகிதத்தைப் பார்த்தார். "இது கந்தோர் பரிசோதனை இல்லை. நீர் கேக்காமல் எடுத்த பாசி. எழுதினா உம்மட வேலை போகும்."

"தெரியும்."

"எனக்கும் கேள்வி வரும். என்ட தொட்டியிலிருந்து போனது எனக்கு எப்பிடித் தெரியாமல் போச்சு எண்டு கேப்பினம்."

பளீல் சொன்னான்: "ஐயா, சாடியில முப்பதும் செத்தத எழுதுவீங்க. அத ஒரு ஆள் படிப்பார். அவருக்கும் ஒரு ஓயா ஈக்கும்."

ஒரு வாரம் பொன்னுத்துரை அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. பளீல் தினமும் வந்தான், சாடி கழுவினான், போனான். மறுபடி கேட்கவில்லை. எட்டாம் நாள் அவர் அவனைக் கூப்பிட்டு, தட்டச்சு அடித்த ஒரு பக்கத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். ஊர்ப் பெயர் இருந்தது. மூன்று குட்டையும் இருந்தன. எண்ணெய் விட்ட குட்டையில் புழு இல்லாததும், பாசி நட்ட குட்டையில் இருந்ததும், பதினொன்றும், அதற்குப் பிறகு வந்தவையும் இருந்தன. புரட்டாதி முடிவு தன் கூலியாளுக்குத் தெரிவிக்கப்படவில்லை, அது தன் தவறு என்ற ஒரு வரியும் இருந்தது.

பங்குனி முடிவில் பளீலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொன்னுத்துரையைத் துரை கண்டித்தார்; பாசி ஆராய்ச்சியை மூடி, அவரைத் தேயிலை நோய்ப் பகுதிக்கு மாற்றினார். பளீல் கடைசியாக வெளியே வரும்போது தொட்டிகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாசி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த சில மாதம் எப்படிப் போயிற்று என்று அவனால் சொல்ல முடியாது. பாக்குப் பறித்தான், விறகு சுமந்தான். ஒரு தடவை அவனுக்கே காய்ச்சல் வந்தது. மருந்து வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஹபீலா அவன் வாயைப் பிடித்துத் திறந்து கொயினாவை ஊற்றினாள். "நீங்க செத்தா றலியா மச்சி எழும்பி வருவாவா?" என்றாள். "இந்தப் புள்ளயத் தூக்க எனக்கு ஒத்தக் கையா ஈக்கி."

குணமானதும் பளீல் கறுப்பையாவைத் தேடிப் போனான். கறுப்பையா அலவத்துகொடப் பக்கம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பளீல் நடந்ததைச் சொல்லி, தானும் பம்பு தூக்க வரலாமா என்று கேட்டான். கறுப்பையா பம்பை முதுகிலிருந்து இறக்கி வைத்தார்.

"அன்னைக்கு நான் ஓவர்சியர்ட்டப் போயிச் சொல்லியிருக்கணும்ங்க," என்றார். "மரைக்காரு சொல்லிட்டாரேன்னு விட்டுட்டேன். எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருக்கு. வாங்க. ஆளு பத்தாமத்தான் இருக்கோம்."

அன்றிலிருந்து பளீல் நாட்கூலி எண்ணெய்க்காரன். தகரம் கசிந்து முதுகுத் தோல் புண்ணானது, ஆறியது, மறுபடி புண்ணானது. சில ஊர்களில் காணிக்காரர்கள் எண்ணெய் பட்டால் வயல் கெட்டுவிடும் என்று தடுத்தார்கள். கலகெதரையில் ஒருவர் அப்படித் தடுத்தபோது, யாரோ போய்ச் சொல்லி சாஹுல் ஹமீது வந்தார். பளீலைப் பார்க்கவில்லை. காணிக்காரரிடம், "வழி உடுங்க. இந்த ஊருல இனி ஒரு கொளத்துக்கும் எண்ண ஊத்தாம ஈக்கப்படாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பளீலோடு அவர் பேசவேயில்லை. பள்ளியில் பளீல் நிற்கும் வரிசையில் அவர் நிற்பதில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் மறுமணம் செய்தபோது பளீலின் வீட்டுக்கு அழைப்பு ஹபீலாவின் பெயருக்கு வந்தது.

1937இல் கண்டிச் சந்தையில் பொன்னுத்துரையைச் சந்தித்தான். தலை நரைத்திருந்தது. மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் துரை, பூண்டுப்பாசி பற்றி எங்கோ படித்துவிட்டு, தொழிலாளர் லயத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் நடக் கொஞ்சம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாராம்.

"அறிக்கையிலே உள்ள கலகெதரைப் பக்கத்தைப் பிரதி எடுத்து அனுப்பினன்," என்றார் பொன்னுத்துரை. "பாசி அனுப்பேல்லை. எண்ணெய் ஊத்தச் சொல்லி எழுதினன்."

"ஊத்தினாங்களா?"

"ஓம். பதில் வந்தது."

பளீல் அந்தத் தோட்டத்தின் பெயரைக் கேட்டான். லயத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டான். பொன்னுத்துரைக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் சந்தை வாசல் வரை சேர்ந்து நடந்தார்கள். பளீலின் வலக்கையில் ஸக்கியாவுக்கு வாங்கிய இரண்டு முழச் சீத்தைத் துணி இருந்தது. அவள் அந்த வருடம் பள்ளிக்கூடம் வரை தானாக நடக்கத் தொடங்கியிருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, பளீல் ஸலாம் சொல்ல வாயெடுத்து, பிறகு கை கூப்பிவிட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸை நோக்கி நடந்தான். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கறுப்பையா ஹாரிஸ்பத்துவ வயல் வாய்க்காலில் அவனுக்காகக் காத்திருப்பார்.